கரிசல் மண் பண்படுத்தல்

கரிசல் மண் பண்படுத்தல் என்பது, கரிசல் நிலத்தின் கடினமான களியைச் செடிகளின் வேர்களுக்குக் காற்றும் நீரும் கிடைக்கும் நிலைக்குக் கொண்டுவரும் வேலைகளைக் குறிக்கும். தமிழ்நாட்டில் தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டங்களிலும், அவற்றை ஒட்டிய விருதுநகர் மாவட்டப் பகுதிகளிலும் இம்மண் பரவலாகக் காணப்படுகிறது. பருத்தி, சோளம், கம்பு, உளுந்து, மிளகாய், மல்லி ஆகியவை இங்கு மானாவாரியாகப் பயிரிடப்படுகின்றன. வீட்டுத் தோட்டம் அமைப்போர் செம்மண்ணுக்குச் சொல்லப்படும் முறைகளை இம்மண்ணில் அப்படியே பின்பற்றும்போது செலவு வீணாவதுடன் செடிகளும் கெடுகின்றன.

மண்ணின் இயல்பு

மண் வகைப்பாட்டில் கரிசல் பெரும்பாலும் வெர்டிசோல் என்னும் பிரிவில் அடங்கும். இதில் களித்துகள்களின் பங்கு பல இடங்களில் பாதியளவு உள்ளது. இக்களியில் மிகுந்துள்ள மொண்ட்மோரில்லோனைட்டு போன்ற கனிமங்களின் மெல்லிய அடுக்குகளுக்கு இடையே நீர் புகும்போது மண் உப்புகிறது. நீர் வெளியேறும்போது சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. வெடிப்புகளின் வழியே மேல்மண் கீழே விழ, அடுத்த மழையில் அடிமண் உப்பி மேலெழ, நிலம் தன்னைத் தானே புரட்டிக்கொள்கிறது. 'திருப்புதல்' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்தே வெர்டிசோல் என்ற பெயர் வந்தது.

கருநிறத்தைக் கண்டு இம்மண்ணில் மக்கு நிறைந்துள்ளது எனக் கருதுவோர் உளர். உண்மையில் இதன் அங்ககக் கரிமம் பெரும்பாலும் 0.5 விழுக்காட்டிற்கும் குறைவு. களியுடன் நெருங்கிப் பிணைந்த சிறிதளவு மக்கே இந்நிறத்தைத் தருகிறது. தழைச்சத்தும் குறைவு. சாம்பல் சத்து பொதுவாகப் போதிய அளவில் உள்ளது. அடிமண்ணில் சுக்கான் கற்கள் காணப்படும். கார அமில நிலை (பி.எச்.) 8 முதல் 8.5 வரை இருப்பதால் மணிச்சத்து, இரும்பு, துத்தநாகம் ஆகியவை மண்ணில் இருந்தாலும் வேர்களுக்கு எளிதில் எட்டுவதில்லை.

பதம் அறிதல்

கரிசலில் வேலை செய்யத் தகுந்த நாட்கள் மிகச் சில. ஈரத்தில் மண் மண்வெட்டியிலும் காலிலும் அப்பிக்கொள்ளும். காய்ந்தபின் கட்டி உடையாது. இரண்டிற்கும் இடைப்பட்ட நிலையே பதம் எனப்படுகிறது. ஒரு சாண் ஆழத்திலிருந்து சிறிது மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்க்க வேண்டும். 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள திரியாக அது முறியாமல் உருண்டால் ஈரம் அதிகம். அன்று மண்ணைத் தொடக்கூடாது. உருளும்போதே உதிர்ந்தால் கொத்தலாம். ஈர மண்ணைக் கொத்தினாலும் மிதித்தாலும் துளைகள் அடைபடும். ஒரு நாள் அவசரத்தில் கெட்ட மண், பலமுறை நனைந்து காய்ந்த பிறகே மீளும்.

கோவில்பட்டிப் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையினுடையது. எனவே மண்வேலை அனைத்தையும் பருவமழைக்கு முன்பே முடித்தாக வேண்டும். கோடை மழை கிடைத்ததும் உழுது கட்டிகளை வெயிலில் விட்டால், அவை நனைந்து காய்ந்து தாமே பொடிகின்றன. இதற்கு இணையான வேலையை எந்தக் கருவியும் செய்வதில்லை. 1901 முதல் கோவில்பட்டியில் இயங்கிவரும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைக்கும் முன்பருவ விதைப்பும் இக்காரணத்தை ஒட்டியதே. மழை தொடங்கியபின் வயலில் இறங்க இயலாது என்பதால், செப்டம்பரிலேயே காய்ந்த மண்ணில் விதைத்துவிடுகின்றனர்.

மணல் கலத்தல்

களிமண்ணை இளக்க மணல் கலக்குமாறு கூறுவது பொதுவான அறிவுரை. கணக்கிட்டுப் பார்த்தால் இதன் பயனின்மை விளங்கும். களியின் பங்கை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்க, மண்ணின் எடையைப்போல் ஒன்றரை மடங்கு மணல் தேவை. 10 சதுர மீட்டர் பாத்தியில் 20 சென்டிமீட்டர் ஆழத்திற்கு மட்டும் இது ஏறத்தாழ 4 டன் ஆகும். குறைவாகச் சேர்த்த மணலோ களிக்குள் புதைந்து, காய்ந்ததும் செங்கல்லைப்போல இறுகுகிறது. செம்மண்ணுக்கும் இக்கணக்கே பொருந்தும். தொட்டிச் செடிகளுக்குக் கரிசல், செம்மண், மக்கிய உரம் மூன்றையும் சம அளவில் கலப்பது வேறு; அங்கு அளவு நம் கையில் உள்ளது.

அங்ககப் பொருள்கள்

களித்துகள்களைச் சிறு குருணைகளாகச் சேர்த்து, இடையே காற்றிடம் உண்டாக்குவது அங்ககப் பொருளே. காய்கறிப் பயிர்களுக்கு எக்டேருக்கு 25 டன் தொழு உரம் என்பது தமிழ்நாட்டில் வழக்கமான பரிந்துரை; தோட்டக் கணக்கில் இது சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. வெப்ப நாட்டில் மக்கு விரைவில் சிதைந்துவிடுவதால் ஆண்டுதோறும் இட வேண்டும்.

வயல்களில் கோடைக்காலத்தில் ஆட்டுக்கிடை அமர்த்துவது இவ்வட்டாரத்தின் பழைய வழக்கம். புழுக்கையுடன் சிறுநீரும் நேரே மண்ணில் சேர்வதால் தழைச்சத்து கிடைக்கிறது. (இடைசெவலைச் சேர்ந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் குறுநாவல் ஒன்றின் பெயரே 'கிடை'.) தோட்டத்தில் ஆட்டெருவை மக்க வைத்து இடலாம். சணப்பு, கொளுஞ்சி ஆகியவற்றை விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவதும் நல்ல பலன் தரும்.

அடுப்புச் சாம்பலைக் கரிசல் தோட்டத்தில் கொட்டும் பழக்கத்தைக் கைவிடுவது நல்லது. சாம்பல் காரமானது, மண்ணும் காரமானது. விளாத்திகுளம் பக்கம் சீமைக் கருவேலக் கரிமூட்டங்களில் மிஞ்சும் தூளிலும் சாம்பல் கலந்திருக்கும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

ஜிப்சம்

கரிசல் அனைத்திற்கும் ஜிப்சம் தேவையில்லை. சோடியம் மிகுந்து களி கரைந்துபோகும் களர்த்தன்மையுள்ள இடங்களிலேயே அது பயன்படும். காய்ந்த சிறு கட்டி ஒன்றைக் கண்ணாடிக் குவளையில் உள்ள மழைநீரில் அசைக்காமல் இட்டு வைக்க வேண்டும். கட்டி உதிர்ந்தாலும் நீர் தெளிந்திருந்தால் ஜிப்சம் வேண்டியதில்லை. சில மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கினால் சோடியம் இருக்கலாம், மண் ஆய்வு செய்ய வேண்டும். உப்புள்ள கிணற்று நீரில் இச்சோதனை பொய்க்கும், ஏனெனில் உப்பு கலங்கலைத் தடுத்துவிடும். சோடியம் மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொடர்ந்து பாய்ச்சினால் நல்ல கரிசலும் களராக மாறும்.

பாத்தியும் குழியும்

ஐதராபாத் அருகே பதான்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனம் கரிசல் நிலங்களுக்காக அகலப்பாத்தி முறையை 1970களில் உருவாக்கியது. சுமார் ஒரு மீட்டர் அகல மேட்டுப்பாத்தியும், அதையடுத்து அரை மீட்டர் அகல வாய்க்காலும் இதன் அமைப்பு. வாய்க்கால் மிகைநீரை வடிக்கிறது. பாத்தியை யாரும் மிதிப்பதில்லை. வீட்டுத் தோட்டத்திற்கும் இது பொருந்தும்.

மரக்கன்றுக்கு ஆழமாகக் குழிவெட்டி, செம்மண்ணும் எருவும் நிரப்புவது கரிசலில் ஆபத்தானது. சுற்றியுள்ள களி நீரை வடிய விடாததால், குழி ஒரு தொட்டியாகி வேர் அழுகும். வெட்டிய மண்ணையே எருவுடன் கலந்து திரும்ப இட்டு, கன்றைச் சற்று மேடாக நடுவதே தக்கது.

வெடிப்பும் ஊட்டமும்

வெடிப்புகள் வேரை அறுப்பதுடன் அடிமண் ஈரத்தையும் வெளியேற்றுகின்றன. சோளத்தட்டை, உளுந்துப் பொட்டு ஆகியவற்றால் மூடாக்கு இடலாம். இல்லையேல் மேல்மண்ணைக் கொத்திப் புழுதியாக்கி வெடிப்புகளின் வாயை மூடலாம்.

இளம் இலைகளில் நரம்புகள் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் அது இரும்புக் குறை. இரும்புச் சல்பேட்டை மண்ணில் இட்டால் விரைவில் பயனற்றுப்போகும், 0.5 விழுக்காட்டுக் கரைசலாக இலையில் தெளிக்க வேண்டும். சூப்பர் பாஸ்பேட்டைத் தொழு உரத்துடன் கலந்து சில வாரங்கள் வைத்திருந்து இட்டால் மணிச்சத்து சுண்ணாம்பில் சிக்குவது குறையும். துத்தநாகக் குறை ஆய்வில் உறுதியானால் சதுர மீட்டருக்கு 2.5 கிராம் துத்தநாகச் சல்பேட்டு போதும். ஆய்வுக்கான மாதிரியைப் பல இடங்களில் 'வி' வடிவக் குழிவெட்டி 15 சென்டிமீட்டர் ஆழம்வரை எடுத்து ஒன்றாகக் கலக்க வேண்டும். எருக்குவியல், வரப்பு ஆகியவற்றின் அருகில் எடுக்கக்கூடாது.