காப்பியங்களை ஓதும் முறை

ஐம்பெருங்காப்பியங்கள் எவை என்று வினவினால் பள்ளி மாணவரும் தயங்காமல் விடை பகர்வர். அவற்றுள் சிலப்பதிகாரம், சீவக சிந்தாமணி, வளையாபதி ஆகிய மூன்றும் சமணச் சார்பின. மணிமேகலையும் குண்டலகேசியும் பௌத்த நூல்கள். நீலகேசி, சூளாமணி, யசோதர காவியம், உதயணகுமார காவியம், நாககுமார காவியம் என்னும் ஐஞ்சிறுகாப்பியங்கள் அனைத்தும் சமணர் இயற்றியவையே. இத்துணைச் செல்வம் உடைய சமுதாயத்தில், இவற்றை எந்நூலிலிருந்து தொடங்கி எவ்வரிசையில் ஓதுவது என்பது சிந்திக்கத் தக்கதாகும்.

முன்னோர்க்கு இவ்வினா எழவில்லை. அவர்கள் சிந்தாமணியையே முதன்மையாகக் கொண்டு இல்லங்களில் பாராயணம் செய்தனர். இதற்குத் தமிழிலக்கிய வரலாறே சான்று. 21-10-1880 அன்று, கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், அவ்வூர்க் கல்லூரித் தமிழாசிரியர் உ. வே. சாமிநாதையரிடம் அவர் கற்ற நூல்களைப் பற்றி வினவினார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என ஐயர் அடுக்கிய பெயர்கள் முதலியாருக்கு நிறைவளிக்கவில்லை. சிந்தாமணியும் மணிமேகலையும் சிலப்பதிகாரமும் படித்ததுண்டா என்று கேட்டார். பெரும்புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவராகிய ஐயர் அவற்றைக் கண்டதும் இல்லை.

பின்னர்ச் சிந்தாமணியின் பொருள் விளங்காது திகைத்த ஐயருக்கு வழி காட்டியவர்கள் கும்பகோணத்துச் சமணக் குடும்பத்தினரே. சந்திரநாத செட்டியார் முதலியோர் அவருடைய ஐயங்களைத் தீர்த்தனர். ஆறு திங்கள் நடந்த சிந்தாமணிப் பாராயணம் நிறைவெய்தியதை விழாவாகக் கொண்டாடிய இல்லத்தையும் அவர் கண்டார். திண்டிவனத்தை அடுத்த வீடூரைச் சேர்ந்த அப்பாசாமி நயினாரையும் அவருக்கு உதவிய சமண அறிஞருள் ஒருவராகக் குறிப்பிடுவர். 1887-இல் சிந்தாமணியும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1898-இல் மணிமேகலையும் ஐயர் பதிப்பாக வெளிவந்தன. கால வரிசையில் பிற்பட்ட சிந்தாமணி அச்சில் முற்பட்டதற்குக் காரணம் பலவாயினும், அதனை ஓதிப் பொருளுணர்ந்த இல்லங்கள் அன்று இருந்தமை அவற்றுள் தலையாயது. ஏடு மட்டும் எஞ்சி, ஓதுவார் இல்லாதிருந்தால் அப்பதிப்பு எளிதில் நிறைவேறியிராது.

இன்று நிலைமை மாறிவிட்டது. மேல்சித்தாமூர் மடத்தைச் சூழ்ந்த வீடூர், பெரமண்டூர், விழுக்கம் முதலிய ஊர்களின் பிள்ளைகள் பலர் சென்னையிலும் வெளிநாடுகளிலும் பணிபுரிகின்றனர். 3,145 பாடல்களும் 13 இலம்பகங்களும் கொண்ட சிந்தாமணியை அவர்கள் கையில் முதலிற் கொடுத்தால், நாமகள் இலம்பகத்தைக் கடப்பதே அரிதாகும். இடையில் நிறுத்தியவர்க்கு அது சீவகன் எண்மரை மணந்த 'மணநூலாக' மட்டுமே தோன்றும். அவன் அரசு துறந்து வீடுபெறும் முத்தி இலம்பகத்தை எட்டாதவர், திருத்தக்கதேவர் அந்நூலை எதற்காக இயற்றினார் என்பதை உணரார்.

இதற்கு நல்வழியைத் திருத்தக்கதேவர் வரலாறே உணர்த்துகிறது. அவர் பெருங்காப்பியம் பாட விரும்பியபோது, ஆசிரியர் முதலில் நரியைப் பொருளாகக் கொண்டு ஒரு சிறுநூல் பாடுமாறு பணித்தார் என்பது செவிவழிச் செய்தி. நிலையாமை கூறும் நரிவிருத்தம் அவ்வாறு பிறந்தது. அதன் பின்னரே சிந்தாமணி பாட இசைவு கிடைத்தது. பாடியவர்க்குப் பொருந்திய இம்முறை படிப்பவர்க்கும் பொருந்தும்.

ஆதலின் யசோதர காவியத்திலிருந்து தொடங்குவது நன்று. அது ஐந்து சருக்கங்களே உடையது. மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட மன்னனும் அவன் தாயும் விலங்குப் பிறவிகளில் உழன்ற வரலாறு, கொலை செய்யும் எண்ணமும் வினையாகும் என்பதைச் சிறுவர்க்கும் விளக்கும். நாளொன்றுக்கு அரைச் சருக்கமாக ஓதினால், தசலட்சண பருவத்தின் பத்து நாள்களில் நூல் முற்றுப்பெறும்.

அடுத்துச் சிலப்பதிகாரம். கவுந்தியடிகளின் வாயிலாக அறவுரை அதில் கதையோடு கலந்து வருகிறது. கதைத் தொடர்ச்சி கருதி மணிமேகலையை அதன்பின் ஓதலாம். பிற சமயத்தார் நூலாயினும் அதனை ஒதுக்குதல் ஆகாது. எதிர்வாதத்தை அறியாதார்க்கு விடையின் அருமை விளங்காது. குண்டலகேசியின் பாடல்கள் சிலவே இன்று எஞ்சியுள்ளன. அந்நூலுக்கு மறுப்பாக எழுந்த நீலகேசியோ முழுமையாகக் கிடைத்துள்ளது. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936-இல் அதனைச் சமயதிவாகர உரையுடன் பதிப்பித்தார். மணிமேகலைக்குப் பின் அதனைக் கற்பது தருக்கத்தின் இரு பக்கங்களையும் காட்டும்.

பின்னர்த் தோலாமொழித்தேவரின் சூளாமணி. அதன் தலைவனாகிய திவிட்டன், பகவான் மகாவீரரின் முற்பிறவிகளுள் ஒன்றாகப் புராணம் கூறும் திரிபிருஷ்டனே. இதனை அறிந்து ஓதுவார்க்கு அக்காப்பியம் வெறும் அரசர் கதையாகத் தோன்றாது. விருத்தப்பாவின் ஓசையும் இந்நூலால் செவிக்குப் பழகும். வளையாபதியில் கிடைக்கும் எழுபது அளவினவாகிய பாடல்களையும், ஏனைய இரு சிறுகாப்பியங்களையும் இடையிடையே சேர்த்துக்கொள்ளலாம்.

நிறைவாகச் சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரைத் துணையுடன் தொடங்கலாம். நாளொன்றுக்குப் பதினெட்டுப் பாடல் வீதம் ஓதினால் ஆறு திங்களுக்குள் முத்தி இலம்பகம் முடியும். முன்னோர் கொண்ட கால அளவும் அதுவே. அவர்கள் தொடங்கிய இடம் இன்றைய தலைமுறைக்குச் சென்றடையும் இடமாக மாறியிருக்கிறது, அவ்வளவே வேறுபாடு. ஒவ்வோர் ஊரிலும் ஓர் இல்லமேனும் இவ்வரிசையில் ஓதத் தொடங்கினால், நாளை ஐயம் கேட்டு வருவோர்க்கு விடை கூற ஒருவர் இருப்பார்.