தொலைந்த டிஸ்க்கும் ஒரு வேகமான காரும்

1988 ஜூன் 11. லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம். தென்னாப்பிரிக்கச் சிறையில் 26-வது ஆண்டாக அடைபட்டிருந்த நெல்சன் மண்டேலாவின் 70-வது பிறந்தநாளுக்காக நடந்த இசை விழா. பிறந்தநாள் என்னவோ ஜூலை 18-தான். விழாவை ஒரு மாதம் முன்னதாகவே வைத்துவிட்டார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் டி.வி-யில் பார்த்துக்கொண்டிருந்தன.

ஸ்டீவி வொண்டர் மேடையேற வேண்டிய நேரம். வாத்தியங்கள் எல்லாம் தயார். கடைசி நிமிடத்தில்தான் தெரிந்தது, அவருடைய சின்க்ளேவியர் என்ற கணினி வாத்தியத்தின் ஹார்ட் டிஸ்க்கைக் காணோம்! 25 நிமிட நிகழ்ச்சிக்கான இசை மொத்தமும் அதற்குள் இருந்தது. அது இல்லாமல் முடியாது என்று கண்ணீரோடு திரும்பிவிட்டார் வொண்டர். மேடை காலி.

அன்று முன்னதாகவே பாடி முடித்துவிட்டிருந்த 24 வயதுப் பெண் ஒருவரிடம் ஓடினார்கள். இன்னொரு முறை பாட முடியுமா? அவருக்கு டிஸ்க் வேண்டாம், இசைக்குழு வேண்டாம். கிட்டாரை எடுத்துக்கொண்டு தனியாக வந்து நின்றார் ட்ரேசி சாப்மன். முதல் முறை பாடாமல் வைத்திருந்த ‘ஃபாஸ்ட் கார்’ பாட்டை இப்போது எடுத்தார்.

மாணவியின் கேசட்

ட்ரேசி பிறந்தது ஓஹையோ மாகாணத்தின் கிளீவ்லேண்டில். அவருக்கு நான்கு வயதானபோது பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். கையில் காசு புரளாத வீடு. ஆனாலும் மகளுக்கு யுகுலேலே வாங்கிக் கொடுத்தார் அம்மா. எட்டு வயதில் கிட்டார் கைக்கு வந்தது. உதவித்தொகையில் பள்ளிப் படிப்பு, பிறகு பாஸ்டன் பக்கத்தில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மானுடவியல். கூடவே ஹார்வர்டு ஸ்கொயர் தெருவோரத்தில் பாட்டு.

அப்போது அதே பல்கலைக்கழக மாணவர் பிரையன் கோப்பல்மன், தென்னாப்பிரிக்க நிறவெறி அரசுக்கு எதிரான போராட்டம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். பாடுவதற்கு ஆள் தேடியபோது யாரோ ட்ரேசியின் பெயரைச் சொன்னார்கள். கேட்டவர் அசந்துபோனார். கோப்பல்மனின் அப்பா இசைப் பதிப்புத் தொழிலில் பெரும்புள்ளி. ஆனால் அவர் மூலம் வாய்ப்புத் தேடுவதில் ட்ரேசிக்குப் பெரிய ஆர்வமில்லை. தன் பாடல்களின் பதிப்புரிமைக்காக வளாக வானொலியில் அவர் சில பாடல்களைப் பதிவு செய்து வைத்திருந்தார். அதில் ஒரு கேசட்டை கோப்பல்மன் நைசாகக் கிளப்பிக்கொண்டு போய் அப்பாவிடம் போட்டுக் காட்டினார். எலெக்ட்ரா நிறுவனத்தோடு ஒப்பந்தம் வந்தது அப்படித்தான்.

சிந்தசைசரும் டிரம் மெஷினும் கோலோச்சிய காலம் அது. ஒரு கிட்டாரும் ஒரு குரலுமாக இருந்த இந்தப் பாடல்களை இசைத் தட்டாக்கத் தயாரிப்பாளர்கள் பலர் முன்வரவில்லை. டேவிட் கெர்ஷன்பாம்தான் துணிந்தார். வாத்தியங்களை அடக்கி வாசிக்கவைத்து, குரலை முன்னால் நிறுத்தினார். 1988 ஏப்ரலில் ‘ஃபாஸ்ட் கார்’ வெளியானது.

பாட்டின் கதை இதுதான். குடிகார அப்பா. விட்டுப் போய்விட்ட அம்மா. அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை விட்ட பெண். காதலனிடம் இருக்கும் வேகமான காரை நம்பி ஊரைவிட்டுக் கிளம்புகிறாள். நகரத்தில் கடை கேஷ் கவுன்ட்டரில் வேலை கிடைக்கிறது. ஆனால் காதலனும் அப்பாவைப் போலவே குடிக்கத் தொடங்குகிறான். சம்பாதிப்பது, குடும்பம் நடத்துவது எல்லாம் இவள் தலையில். கடைசியில், காரை எடுத்துக்கொண்டு போகிறாயா இல்லையா என்று அவனையே முடிவெடுக்கச் சொல்கிறாள்.

வெம்ப்ளி கூட்டம் அதைக் கவனித்துக் கேட்டது. அதன்பிறகு பாட்டு விறுவிறுவென ஏறியது. பிரிட்டனில் 5-வது இடம், ஆகஸ்டில் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 6-வது இடம். ஆல்பம் இரு நாடுகளிலும் முதலிடம். அடுத்த ஆண்டு மூன்று கிராமி விருதுகள்.

35 ஆண்டுகள் கழித்து

டிஸ்க் தொலைந்ததால் வந்த அதிர்ஷ்டம் என்று இதைச் சொல்வதுண்டு. அந்த மாலைக்கு அது சரி. ஆனால் 2023-ல் நடந்ததற்கு எந்த டிஸ்க்கும் தொலையவில்லை. சிறுவயதில் அப்பாவோடு வண்டியில் போகும்போது இந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்த கன்ட்ரி பாடகர் லூக் கோம்ப்ஸ், அதைத் திரும்பப் பாடினார். கேஷ் கவுன்ட்டரில் நிற்கும் பெண்ணை அவர் ஆணாக்கவில்லை. வரியை அப்படியே விட்டார். பில்போர்டில் 2-வது இடம்; கன்ட்ரி வானொலிப் பட்டியலில் முதலிடம்.

பாடலாசிரியர் என்ற இடத்தில் இருந்தது ஒரே பெயர், ட்ரேசி சாப்மன். தனியொருவராக எழுதிய பாட்டுக்கு அந்தப் பட்டியலில் முதலிடம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். அதே ஆண்டு நவம்பரில், கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த பாடல் விருதை வென்ற முதல் கறுப்பினப் பாடலாசிரியரும் ஆனார். விழாவுக்குக்கூட அவர் போகவில்லை, நன்றியை எழுதி அனுப்பினார். 2024 பிப்ரவரியில் கிராமி மேடையில் கோம்ப்ஸோடு சேர்ந்து பாடியபோதுதான் உலகம் அவரை மறுபடி பார்த்தது. அந்த இரவே, 1988 பதிவு ஐடியூன்ஸில் முதலிடத்துக்கு ஏறியது. வளாக வானொலியில் பதிப்புரிமைக்காகப் பாடி வைத்த மாணவி, தன் பாட்டு தன் சொத்து என்பதை அப்போதே தெளிவாகத் தெரிந்துவைத்திருந்தார்!

வெம்ப்ளி விழாவுக்கு நான்கு ஆண்டுகள் முன்பே, மண்டேலாவை விடுதலை செய் என்று ஆடவைக்கும் மெட்டில் ஒரு பாட்டு வந்து பிரிட்டனைக் கலக்கியது. அதை எழுதிய ஜெரி டாமர்ஸ், மண்டேலாவைப் பற்றி விவரமாக அறிந்துகொண்டதே அதற்கு முந்தைய ஆண்டில்தான். அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)