குன்றின் உச்சியில் பத்திரை

ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாக எண்ணப்படும் குண்டலகேசி, இன்று முழு நூலாக நம் கையில் இல்லை. நாதகுத்தனார் இயற்றியதாகக் கூறப்படும் அப்பௌத்த நூலில் எஞ்சியவை சில செய்யுள்களே. அதன் கதையை அறிய, அந்நூலை மறுக்க எழுந்த நீலகேசி என்னும் சமண நூலின் உரையை நாடவேண்டியுள்ளது. எதிரியின் இல்லத்தில் பிழைத்திருந்த கதை என்றே இதனைச் சொல்லலாம். 1950இல் வெளிவந்த ‘மந்திரி குமாரி’ திரைப்படத்தின் மலையுச்சிக் காட்சிக்கும் வேர் இதுவே.

கொலைக்களத்துக்குக் கொண்டுசெல்லப்படும் கள்வன் ஒருவனை மாடத்திலிருந்து கண்ட வணிகன் மகள் பத்திரை, அவன்மேல் மையல் கொள்கிறாள். தந்தை அவனை மீட்டு மணமுடித்து வைக்கிறார். பின்னர் ஒருநாள் அவளை மலையுச்சிக்கு அழைத்துச்சென்ற கணவன் கொல்ல முற்படுகிறான். கொழுநனை வலம்வந்து வணங்க விடைகேட்ட பத்திரை, பின்னே வந்ததும் அவனைக் கீழே தள்ளிவிடுகிறாள்.

அவன் ஏன் கொல்லத் துணிந்தான்? இவ்விடத்தில்தான் பாலி மரபும் தமிழ் மரபும் பிரிகின்றன. தேரிகாதையின் உரை இக்கதையை இராசகிருகத்தில் வைக்கிறது. கள்வனின் பெயர் சத்துகன். மலைத்தெய்வத்துக்குப் பலி நேர்ந்திருப்பதாகப் பொய் சொல்லி, எல்லா அணிகளையும் பூணச்செய்து அவளை அழைத்துப் போகிறான். உச்சியை அடைந்ததும், அணிகளைக் கழற்றி மூட்டையாகக் கட்டச் சொல்கிறான். சாதகக் கதைகளில் வரும் சுலசை என்னும் கணிகையின் வரலாறும் இதுவே. ஆயிரம் காசு கொடுத்துத் தன்னை மீட்டவளிடம் நூறாயிரம் பெறும் நகைகளைக் கண்டவன் அக்கள்வன். அவள் கண்டது அவன் உருவத்தை. அவன் கண்டது அவள் அணிகளை.

தமிழ்க் கதையில் நகை பின்னே போய்விடுகிறது. காளன் என்னும் அக்கணவனை ஊடலின்போது பத்திரை விளையாட்டாகக் கள்வன் என்று சொல்லிவிடுகிறாள். அச்சொல்லே அவன் சினத்துக்குக் காரணம். என் மதிப்பீட்டில் தமிழ் வடிவமே நுட்பமானது. பேராசைக் கணவனைப் படைப்பது எளிது. மையலால் அவள் ஒதுக்கிவைத்த அவனது பழைய வாழ்வு அவள் வாயிலிருந்தே வெளிப்படுவதைக் காட்டுவது அரிது. முகத்தை மட்டும் ஏற்றுக்கொண்டவள் எஞ்சியதை மறந்துவிடவில்லை. காளனும் அதை அறிந்தே இருந்திருப்பான்.

பத்திரையின் பேதைமையை இடித்துரைப்போர், மகள் கேட்டதெல்லாம் கிடைக்கச்செய்த தந்தையை ஏனோ விட்டுவிடுகின்றனர்.

அவள் பிறந்தகம் திரும்பவில்லை. பாலி உரையின்படி, சமணத் துறவியரிடம் சேர்ந்தபோது அவள் கூந்தலைப் பறித்தனர். அது மீண்டும் சுருள்சுருளாக வளர்ந்ததால் வந்த பெயரே குண்டலகேசி.