ஆன்லைனில் இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைன் மாஸ்டர்ஸ்: பணம் கட்டும் முன் நீங்கள் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் போனைத் திறக்கிறீர்கள். 'வேலையை விடாமலே அமெரிக்க மாஸ்டர்ஸ் டிகிரி. இரண்டே வருடம். வாரம் 10 மணி நேரம் போதும்' என்று ஒரு விளம்பரம். நீங்கள் ஐடி நிறுவனத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவராக இருக்கலாம். சில வருடம் பள்ளியில் பாடம் எடுத்துவிட்டு வேறு துறைக்கு மாற நினைப்பவராக இருக்கலாம். கன்டென்ட் ரைட்டராகவும் இருக்கலாம். 'இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைன் அண்ட் லேர்னிங் டெக்னாலஜி' என்ற பெயர் உங்களுக்குப் புதிதாக இருக்காது.

சரி, இதைப் படிக்கலாமா? அதற்கு முன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தப் பட்டத்தை யாரிடம் கொண்டுபோய்க் காட்டப் போகிறீர்கள்? அரசிடமா, தனியார் நிறுவனத்திடமா, வெளிநாட்டு விசா அதிகாரியிடமா? ஆளுக்கு ஆள் பதில் மாறும்.

இது என்ன படிப்பு?

ஒருவருக்கு ஒரு விஷயத்தை எப்படிக் கற்றுக்கொடுத்தால் அது மனதில் நிற்கும், வேலையில் பயன்படும் என்று திட்டமிடுவதுதான் இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைன். பிபிடி அழகாகப் போடுவது அல்ல.

ஓர் உதாரணம். ஒரு வங்கிக் கிளையில் ஊழியர்கள் கேஒய்சி படிவத்தைத் தொடர்ந்து தப்பாகப் பூர்த்தி செய்கிறார்கள். மேலாளர் 'மூணு மணி நேர டிரெயினிங் வைங்க' என்கிறார். நல்ல டிசைனர் முதலில் கேட்பது, 'இது பயிற்சியால் தீரும் பிரச்னைதானா?' என்பதுதான். படிவமே குழப்பமாக இருந்தால், மாற்ற வேண்டியது படிவத்தை. அங்கே பயிற்சிக்கு வேலையே இல்லை.

பாடத்திட்டத்தில் வழக்கமாக வரும் சில பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். கற்றல் நோக்கங்களை வகைப்படுத்தும் புளூம் வகைப்பாடு 1956-ல் வந்தது. பயிற்சி பலன் தந்ததா என்று நான்கு நிலைகளில் அளக்கும் முறையை டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-ல் எழுதினார். ஆய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், நடைமுறை, மதிப்பீடு என்று ஐந்து படிகள் கொண்ட 'அடீ' மாதிரி, 1975-ல் ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க ராணுவத்துக்காக உருவானது. இவற்றோடு மூடுல் போன்ற கற்றல் மேலாண்மை மென்பொருள்கள், ஸ்கார்ம் போன்ற தொழில்நுட்பத் தரங்கள், ஸ்டோரிலைன் போன்ற கருவிகள் எல்லாம் வரும்.

எங்கே படிக்கலாம்?

அமெரிக்காவில் பர்டூ, இண்டியானா, ஃப்ளோரிடா ஸ்டேட் ஆகிய பல்கலைக்கழகங்களும், பிரிட்டனில் எடின்பரோவும் இந்தத் துறையில் ஆன்லைன் முதுநிலைப் படிப்பு நடத்துவதில் தெரிந்த பெயர்கள். ஆனால், படிப்பின் பெயர் இடத்துக்கு இடம் மாறும். 'லேர்னிங் டிசைன்', 'டிஜிட்டல் எஜுகேஷன்', 'இன்ஸ்ட்ரக்ஷனல் சிஸ்டம்ஸ்' என்று தேடிப் பாருங்கள்.

இந்தியாவில் இதே பெயரில் ஆன்லைன் முதுநிலைப் பட்டம் அரிதாகத்தான் கண்ணில் படும். நெருக்கமானவை உண்டு. இக்னோவில் இ-லேர்னிங் முதுநிலை டிப்ளமோவும், தொலைதூரக் கல்வி பற்றிய எம்.ஏ. படிப்பும் இருக்கின்றன. நேரில் போய்ப் படிக்க முடியும் என்றால், மும்பை எஸ்என்டிடி மகளிர் பல்கலைக்கழகத்தில் கல்வித் தொழில்நுட்பத் துறை இருக்கிறது. ஐஐடி பாம்பேயில் இதே துறையில் பிஎச்.டி. ஆய்வு செய்யலாம்.

பட்டம் செல்லுமா?

இந்தியப் பல்கலைக்கழகம் என்றால் விதி தெளிவு. யுஜிசி 2020 செப்டம்பரில் கொண்டுவந்த விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் பட்டம் கல்லூரிக்கு நேரில் போய்ப் படித்த பட்டத்துக்குச் சமம். ஆனால், பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் அந்தப் படிப்புக்கு, நீங்கள் சேரும் அந்தப் பருவத்தில் அனுமதி இருக்க வேண்டும். யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தில் இந்தப் பட்டியல் இருக்கிறது. சேருவதற்கு டெப் ஐடி எடுப்பதும் இப்போது கட்டாயம்.

இன்னொன்று. பள்ளி ஆசிரியர் வேலைக்குக் கேட்கப்படும் பி.எட். தகுதிக்கு இந்தப் பட்டம் மாற்று ஆகாது.

வெளிநாட்டுப் பட்டம் என்றால் கதை வேறு. அதை வைத்து இந்தியாவில் அரசு வேலைக்கோ மேற்படிப்புக்கோ போக சமநிலைச் சான்றிதழ் கேட்பார்கள். முழுக்க ஆன்லைனில் படித்த பட்டத்துக்கு அது கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் சேராதீர்கள். எட்டெக் நிறுவனங்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கைகோத்து வழங்கும் ஆன்லைன் பட்டங்களுக்கு அங்கீகாரம் இல்லை என்று 2023 டிசம்பரில் யுஜிசி வெளிப்படையாகவே எச்சரித்தது. விளம்பரத்தில் இருக்கும் பல்கலைக்கழக லோகோவை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கட்டணம் யார் கணக்குக்குப் போகிறது, சான்றிதழில் யார் கையெழுத்து இருக்கும் என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

இதைப் படித்தால் அமெரிக்கா போகலாமா?

முடியாது. முழு ஆன்லைன் படிப்புக்கு எஃப்-1 மாணவர் விசா தர மாட்டார்கள். அந்த விசாவில் இருப்பவர்கள்கூட, ஒரு பருவத்தின் முழுநேரப் படிப்புக் கணக்கில் ஒரு பாடம் அல்லது 3 கிரெடிட் வரைதான் ஆன்லைனைச் சேர்க்க முடியும். படிப்பு முடிந்ததும் அங்கே வேலை செய்யத் தரப்படும் ஓபிடி அனுமதி எஃப்-1 விசாவோடு சேர்ந்தது. விசாவே இல்லை என்றால் அதுவும் இல்லை.

'வாரம் 10 மணி நேரம்' உண்மையா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அமெரிக்க முறையில் ஒரு கிரெடிட் என்றால், வாரம் 1 மணி நேர வகுப்பு, அதற்கு வெளியே 2 மணி நேர உழைப்பு. அப்படியானால் 3 கிரெடிட் பாடத்துக்கு வாரம் 9 மணி நேரம். மொத்தம் 30 கிரெடிட் கொண்ட படிப்பு என்று வைத்துக்கொள்வோம். அது 10 பாடங்கள். வருடத்துக்கு 3 பருவம் என்றால் இரண்டு வருடத்தில் 6 பருவங்கள்தான் வரும். பருவத்துக்கு ஒரு பாடம் எடுத்தால் மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். இரண்டே வருடத்தில் முடிக்க வேண்டுமானால், 4 பருவங்களில் இரண்டிரண்டு பாடம் எடுக்க வேண்டும். அப்போது வாரம் 18 மணி நேரம். 'இரண்டு வருடம்', 'வாரம் 10 மணி நேரம்' இரண்டும் ஒரே விளம்பரத்தில் இருந்தால், ஏதோ ஒன்று இடிக்கிறது.

நேர வித்தியாசமும் உண்டு. நியூயார்க் நேரப்படி மாலை 7 மணிக்கு நேரலை வகுப்பு என்றால், நமக்கு அதிகாலை 4.30, அவர்களுக்குக் குளிர்காலம் வந்தால் 5.30.

இந்தியப் படிப்பும் லேசு இல்லை. தேசிய கிரெடிட் கட்டமைப்பில் ஓராண்டுக்கு 40 கிரெடிட், அதாவது 1,200 மணி நேரம். வாரத்துக்குச் சுமார் 23 மணி நேரம்.

செலவு எவ்வளவு?

கிரெடிட்டுக்கு 400 டாலர், டாலர் 90 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால், 30 கிரெடிட்டுக்கு 10.8 லட்சம் ரூபாய். 24 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 45,000. இது ஒரு மாதிரிக் கணக்குதான். உங்கள் படிப்பின் எண்களைப் போட்டுப் பாருங்கள். தொழில்நுட்பக் கட்டணம், வங்கிக் கட்டணம், ரூபாய் மதிப்புச் சரிவு எல்லாம் இதற்கு மேல். கல்விக் கடன் வாங்கினால், பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு வட்டி மீது 8 ஆண்டுகள் வரை கழிவு உண்டு. அதுவும் அங்கீகரிக்கப்பட்ட வங்கி, நிதி நிறுவனக் கடனுக்குத்தான்; சொந்தக்காரரிடம் வாங்கிய கைமாற்றுக்குக் கிடைக்காது.

அப்படியானால் யார் படிக்கலாம்?

ஏற்கெனவே பயிற்சித் துறையில் இருந்து, அடுத்த நிலைக்குப் போக முதுநிலைப் பட்டம் வேண்டும் என்று உங்கள் நிறுவனமே சொல்கிறதா? கட்டணத்தில் ஒரு பங்கையாவது அது தருமா? அப்படியென்றால் தாராளமாக யோசிக்கலாம். இந்தத் துறைக்குள் நுழைவதுதான் நோக்கம் என்றால், பட்டம் முதல் படி அல்ல. வேலைக்கு எடுப்பவர்கள் 'நீங்க செஞ்ச கோர்ஸ் ஒண்ணு காட்டுங்க' என்று கேட்கும் துறை இது. காட்ட ஏதாவது இருக்க வேண்டும்.

அதற்கு 10 லட்சம் தேவையில்லை. உங்கள் அலுவலகத்தில் எல்லோரும் தூங்கி வழியும் ஒரு பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கலந்துகொண்ட ஐந்து பேரிடம் பேசி, எங்கே தடுமாறினார்கள் என்று கேளுங்கள். அதை 15 நிமிடப் பாடமாக மாற்றி, இலவசமாகக் கிடைக்கும் மூடுலில் ஏற்றுங்கள். அலுவலக ரகசியங்கள் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடிப்படை தெரிந்துகொள்ள ஸ்வயம் தளத்தில் கட்டணமில்லாமல் பாடங்கள் இருக்கின்றன. மூன்று மாதம் இதைச் செய்யுங்கள். பிடித்திருந்தால் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில் எழுதவும் அப்போது உங்களிடம் ஒரு விஷயம் இருக்கும். பிடிக்கவில்லை என்றால், போனது மூன்று மாத வார இறுதிகள் மட்டும்தான்.