ஒரே கை, இரண்டு சோதனைகள்

கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு நீட்டச் சொல்வார்கள். மணிக்கட்டுக்கு மேலே கைவைத்துக் கீழே அழுத்தி, "விடாமல் தாங்குங்கள்" என்பார்கள். நரம்பியல் மருத்துவர் செய்வதும் இதுதான், மாற்று மருத்துவத்தில் ‘அப்ளைடு கினிசியாலஜி’ பார்ப்பவர் செய்வதும் இதுதான். ஆனால் அந்தக் கை தாழ்ந்துபோனால் இருவரும் சொல்லும் காரணங்களுக்கு இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

முதல் சோதனை போலியோ காலத்தில் வளர்ந்தது. எந்தத் தசை செத்தது, எது பிழைத்தது என்று அறிய பாஸ்டனில் மருத்துவர் ராபர்ட் லோவெட்டும் அவருடன் பணியாற்றிய வில்ஹெல்மின் ரைட்டும் அதை முறைப்படுத்தினார்கள். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1943-இல் வெளியிட்ட 0 முதல் 5 வரையிலான அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தசை சிறிதும் சுருங்காவிட்டால் 0. புவியீர்ப்பை மீறித் தூக்க முடிந்தால் 3. நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே சோதிப்பவரின் கணிப்பும் கலந்துவிடும், அது உண்மையான குறைதான். ஆனால் தோளின் டெல்டாய்டு தசை தளர்ந்திருந்தால் மருத்துவர் அதோடு நிற்பதில்லை. தோளோரத்தில் தொடுவுணர்வு குறைந்திருக்கிறதா, முழங்கை மடிப்பில் சுத்தியலால் தட்டினால் தசை துள்ளுகிறதா என்று பார்ப்பார். தேவைப்பட்டால் ஸ்கேன் எடுக்கச் சொல்வார். கை சொன்னதைச் சரிபார்க்க வேறு சாட்சிகள் உண்டு.

இரண்டாவது முறையை 1964-இல் தொடங்கியவர் டெட்ராய்ட் நகரக் கைரோபிராக்டர் (முதுகெலும்பைக் கையால் சரிசெய்பவர்) ஜார்ஜ் குட்ஹார்ட். இதில் ஒவ்வொரு தசையும் ஓர் உள்ளுறுப்போடு இணைக்கப்படுகிறது. அதே டெல்டாய்டு இங்கே நுரையீரலைப் பற்றிப் பேசுமாம். சர்க்கரையையோ கோதுமையையோ நாக்கில் வைத்தோ, குப்பியில் அடைத்துக் கையில் கொடுத்தோ அழுத்துவார்கள். கை தாழ்ந்தால் அந்த உணவு ஆகாது. கைக்குழந்தைக்குப் பார்க்க வேண்டுமென்றால், தாய் குழந்தையைத் தொட்டுக்கொண்டிருக்க, தாயின் கையை அழுத்துவார்கள்.

இந்த முறையையும் சரிபார்த்திருக்கிறார்கள். 1988-இல் வெளியான ஆய்வொன்றில், அனுபவமுள்ள மூன்று சோதனையாளர்கள் 11 பேரிடம் நான்கு சத்துகளின் நிலையைக் கணித்தார்கள். அவர்களுடைய முடிவுகள் ஒன்றோடொன்றும் ஒத்துப்போகவில்லை, ஆய்வகப் பரிசோதனையோடும் ஒத்துப்போகவில்லை. குப்பியில் என்ன இருக்கிறது என்று அழுத்துபவர், தாங்குபவர் இருவருக்கும் தெரியாதபோது இந்தச் சோதனை பொய்த்துவிடுகிறது. தெரிந்திருந்தால் அழுத்துபவர் தன்னையறியாமல் கூடுதலாக அழுத்துகிறார், தாங்குபவரும் தன்னையறியாமல் தளர்கிறார். எண்ணம் அறியாமலே தசையை அசைக்கும் இந்த இயல்பை உடலியல் அறிஞர் வில்லியம் கார்பென்டர் 1852-லேயே விளக்கியிருக்கிறார்.

நோயாளியின் பேச்சைப் பொறுமையாகக் கேட்பதில் மாற்று மருத்துவர்கள் பலர் சிறந்தவர்கள், அதை மதிக்கிறேன். ஆனால் கை தாழ்ந்ததை நம்பி, வளரும் குழந்தைக்குப் பாலையும் முட்டையையும் நிறுத்துவது கொடுமை. உண்மையான ஒவ்வாமையை ‘இல்லை’ என்று சொல்லி அனுப்புவது அதைவிட ஆபத்து. குழந்தைகளின் உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இம்முறையைப் பயன்படுத்தக் கூடாது என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2011-இல் வழிகாட்டியிருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு ஓர் உணவு சேரவில்லை என்று சந்தேகம் வந்தால், ஒவ்வாமை மருத்துவரிடம் தோல் பரிசோதனையோ ரத்தப் பரிசோதனையோ தேவையா என்று கேளுங்கள்.