நெல்லைக்கு வந்த மெட்ராஸ் நேரம்

நின்னுபோன கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தா ஓடிடும். ஆனா முள்ளை எங்கே வச்சு ஓட்டுறது? கரண்ட் போய் வரும்போதெல்லாம் வீட்டு ரூட்டருக்கும் இதே கேள்விதான். மலிவான ரூட்டர்கள் பலதுல பேட்டரி வச்ச கடிகாரம் கிடையாது. எழுந்ததும் அதுக்குத் தெரிஞ்சது யுனிக்ஸோட பூஜ்யம் மட்டும்தான். இந்திய நேரப்படி 1970 ஜனவரி 1, காலை 5.30.

இது ஏதோ பொட்டி தட்டுறவங்க பிரச்னைன்னு நினைக்காதீங்க மக்களே. திருநெல்வேலி 1876லயே இதைப் பார்த்தாச்சு.

அதுக்கு முன்னாடி தாமிரபரணிக் கரையில நேரத்தை யார்கிட்டயும் கடன் வாங்க வேண்டியதில்லை. சூரியன் உதிச்சா பூஜ்யம். அங்கேயிருந்து நாழிகைக் கணக்கு, ஒண்ணுக்கு 24 நிமிஷம், நாளுக்கு 60. பாபநாசத்துக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் சுமார் ரெண்டு நிமிஷம் வித்தியாசம் வரும். யாருக்கும் கவலையில்லை.

1876ல மணியாச்சியிலிருந்து ரயில் வந்துச்சு. ஒத்தைத் தண்டவாளத்துல எதிரெதிரே வர்ற வண்டிகளுக்கு ரெண்டு நிமிஷம்ங்கிறது சின்ன விஷயமில்லை. எல்லா ஸ்டேஷனுக்கும் ஒரே நேரம் வேணும். அது மெட்ராஸ் நேரம். 1792ல நுங்கம்பாக்கத்துல கட்டின வானாய்வகத்துல நட்சத்திரங்களைப் பார்த்துக் கணக்கிட்டு, தந்திக் கம்பி வழியா அனுப்பின நேரம். கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிஷம் 14 விநாடி முன்னால. நெல்லைச் சூரியன் உச்சிக்கு வர்றதுக்குச் சராசரியா பத்தரை நிமிஷம் முன்னாடியே ரயில்வே கடிகாரத்துல மணி 12!

1906 ஜனவரி 1ல இந்திய நேரம் வந்தப்போ இன்னொரு 9 நிமிஷம் போல கூடிச்சு. கல்கத்தா 1948 வரைக்கும், பம்பாய் 1955 வரைக்கும் சொந்த நேரத்தை விடலை.

ரூட்டரும் இப்ப கம்பி வழியாத்தான் கேக்குது. 1985ல வரையறுத்த என்டிபி முறை. ஆனா ஒரு சிக்கல். சாதா என்டிபியில வழியில எவனாவது பொய் நேரம் சொன்னா கண்டுபிடிக்க முடியாது. சான்றிதழைச் சரிபார்த்துக் கேக்கலாம்னா, 1970ல நிக்கிற ரூட்டருக்கு எல்லாச் சான்றிதழும் 'இன்னும் செல்லுபடியாகாதது'. நேரம் தெரிய நம்பிக்கை வேணும், நம்பிக்கைக்கு நேரம் வேணும்.

ஓப்பன்டபிள்யூஆர்டி இதுக்கு ஒரு எளிய வழி வச்சிருக்கு. எழுந்ததும் தன் அமைப்புக் கோப்புகள்ல கடைசியா மாறினது எப்போன்னு பார்த்து, கடிகாரத்தை அங்கே வச்சிடும். சரியான நேரம் இல்லைதான். ஆனா இப்போ மணி அதுக்கு முந்தி இருக்க முடியாது, அது நிச்சயம்.

அந்தக் கால ஸ்டேஷன் மாஸ்டருக்கு தந்தி தப்பா நேரம் சொன்னாலும் அண்ணாந்து பார்க்க ஒரு சூரியன் இருந்துச்சு. ரூட்டருக்கு அந்தப் பழைய கோப்புத் தேதிதான் சூரியன்.