மீனின் மூக்கில் ஒரு காந்தம்

ஆற்றின் குளிர்ந்த நீரில் பிறந்து, கடலுக்குச் சென்று வளர்ந்து, முட்டையிடும் பருவத்தில் பிறந்த ஆற்றுக்கே திரும்புவது பசிபிக் சால்மன் மீனின் இயல்பு. வட அமெரிக்காவின் மேற்குக் கடலில் வலையில் சிக்கும் ஒரு சால்மன் எந்த ஆற்றைச் சேர்ந்தது? அமெரிக்கப் பொரிப்பகம் ஒன்றில் வளர்ந்த குஞ்சா, கனடிய ஆற்றில் இயற்கையாகப் பிறந்ததா? பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆயினும் இதற்கு விடை தெரியாமல், யார் எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்று பங்கிட இயலாது. இவ்வினாவுக்கு இயற்பியல் விடை தேடிய வரலாற்றைக் காண்போம்.

கம்பித் துண்டின் பிறப்பு

மீனின் உடலில் வெளியே தொங்கும் பட்டைகளைக் கட்டுவது பழைய முறை. விரல் நீளக் குஞ்சுக்கு அது பெருஞ்சுமை. 1963-இல் ஜெஃபர்ட்ஸ், பெர்க்மன், ஃபிஸ்கஸ் என்ற மூவர் 'நேச்சர்' இதழில் ஒரு புதிய வழியைக் கூறினர். இவர்களுள் ஜெஃபர்ட்ஸ் இயற்பியலார்; 1970-இல் விண்மீன்களுக்கிடையே கார்பன் மோனாக்சைடு இருப்பதைக் கண்டவர்களுள் ஒருவர்.

அவர்களது வழி மிக எளியது. குறியீடு பொறித்த மெல்லிய எஃகுக் கம்பியைத் துண்டாக்கி, குஞ்சின் மூக்குக் குருத்தெலும்பில் ஊசியால் செலுத்துவதே அது. இன்று வழக்கிலுள்ள துண்டின் நீளம் 1.1 மி.மீ.; விட்டம் கால் மி.மீ. தொடக்கத்தில் நிறக்கோடுகளே குறியீடு. பின்னர் எண்கள் வந்தன. கம்பி காந்தமாக்கப்பட்டிருப்பதால், வெட்டிப் பார்க்காமலே அது உள்ளே இருப்பதை அறியலாம். ஆனால் குறியீட்டைப் படிக்க, தலையை அறுத்துக் கம்பியை எடுத்து நுண்ணோக்கியில் வைக்க வேண்டும்.

1974-இல் நீதிபதி போல்ட், வாஷிங்டன் மாநிலப் பழங்குடியினருக்குப் பிடிக்கத்தக்க மீனில் பாதி வரை உரிமை உண்டு எனத் தீர்ப்பளித்தார். 1985-இல் அமெரிக்காவும் கனடாவும் சால்மன் உடன்படிக்கை செய்தன. இத்தகைய பங்கீடுகளுக்கு இச்சிறு கம்பியின் சான்று இன்றியமையாததாயிற்று.

எந்தக் கருவி?

கம்பியுள்ள மீனின் கொழுப்புத் துடுப்பை வெட்டிவிடுவது வழக்கமாக இருந்தது. துடுப்பில்லை என்றால் கம்பி உண்டு; கருவியே வேண்டாம். 1990-களின் நடுவில் நிலைமை மாறியது. பொரிப்பக மீனை வைத்துக்கொண்டு, இயற்கை மீனை மீனவர் விட்டுவிட வேண்டும் என்பதற்காக, பொரிப்பக மீன்கள் கூட்டங்கூட்டமாகத் துடுப்பு வெட்டப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் கம்பி இல்லை. எனவே மின்னணுக் கருவி தேவைப்பட்டது.

சிறு காந்தத்தின் புலம் தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். தொலைவு இரு மடங்கானால் புலம் எட்டில் ஒரு பங்கு! ஆகவே சில சென்டிமீட்டருக்குள் கருவி நெருங்க வேண்டும். பெரிய சினூக் சால்மனுக்குக் கைக்கோலை வாயினுள் நுழைத்தே தேடுவர். புலத்தின் மாற்றத்தையே கருவி உணர்வதால், கோலையோ மீனையோ அசைக்க வேண்டும். வாயில் ஒடிந்த தூண்டில் முள்ளும், அருகிலுள்ள இரும்பு மேசையும் பொய்ச் செய்தி தரும். ஆயிரக்கணக்கில் மீன்கள் வருமிடத்தில் அவற்றைக் குழாய் வழியே செலுத்தும் கருவி ஏற்றது. படகுத்துறையில் கைக்கோலே ஏற்றது.

கொல்லாமல் படிக்கும் வழி

கொலம்பியா ஆற்றில் அணைகள் பல. ஒரு குஞ்சு எந்த அணையைக் கடந்தது, எங்கே மறைந்தது என்று அறிய, அதை உயிருடன் பலமுறை படிக்க வேண்டும். இதற்கான ஆய்வு 1983-இல் தொடங்கியது. கண்ணாடிக் குப்பியினுள் ஒரு சுருளும் ஒரு சில்லும் மட்டுமே, மின்கலம் இல்லை. நீளம் சுமார் 12 மி.மீ. அணையின் மீன் வழியில் வைத்த பெருஞ்சுருளில் மாறுமின்னோட்டம் பாயும்போது, 1831-இல் ஃபாரடே கண்ட மின்தூண்டலால் சில்லு விழித்துத் தன் எண்ணைத் தெரிவிக்கிறது. ஒவ்வொரு மீனுக்கும் தனி எண் உண்டு. 2000-ஆம் ஆண்டு முதல் அங்கே 134.2 கிலோஹெர்ட்ஸ் அலைவெண் வழக்குக்கு வந்தது.

இதற்கும் எல்லைகள் உண்டு. சில்லின் சுருளும் பெருஞ்சுருளும் ஒரே அச்சில் அமைந்தால் தூண்டல் மிகுதி. செங்குத்தானால் ஏறத்தாழ இல்லை. இரண்டு மீன்கள் ஒருசேரப் புகுந்தால் எண்கள் குழம்பும். அருகிலுள்ள உலோகமும் மின்பொறிகளின் இரைச்சலும் கெடுதல் செய்யும்.

ஆக, எது சிறந்த கருவி? வினாவைப் பொறுத்ததே விடை. மிகச் சிறு குஞ்சுகளை இலட்சக்கணக்கில் குறைந்த செலவில் அடையாளமிட்டு, எந்தப் பொரிப்பகம் என்று மட்டும் அறியக் கம்பி போதும். அருகிவரும் ஓர் இனத்தின் ஒவ்வொரு மீனையும் கொல்லாமல் பின்தொடரச் சில்லு வேண்டும். ஸ்நேக் ஆற்றுச் சாக்கை சால்மன் 1991-இல் அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. அத்தகைய மீனின் தலையை அறுத்தா விடை காண்பது?

மாணவர்கள் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். திசைகாட்டியிலிருந்து சிறு காந்தத்தைச் சிறிது சிறிதாக விலக்கி, முள்ளின் விலக்கத்தை அளந்து குறியுங்கள். மும்மடி விதி எவ்வளவு கடுமையானது என்பதும், மீனின் மூக்கைத் தேடுவோர் ஏன் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் போராடுகின்றனர் என்பதும் தெளிவாகும்.